பாதிப் பேர் குடிக்காத குடும்பத்துக்கு ஒயின் பயணம்: நாசிக்கில் ஒரு பகல், நிகழ்வு ஆய்வு

பெரம்பூரிலிருந்து ஒன்பது பேர். போக வேண்டிய ஊர் நாசிக். கையில் இருந்தது ஒரே ஒரு பகல். அதற்குள் திரியம்பகேஸ்வரர் தரிசனமும் வேண்டும், கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஒயின் டேஸ்ட்டிங்கும் (ஆலையிலேயே பல வகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்ப்பது) வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்பதில் நாலு பேர் மதுவைத் தொடாதவர்கள். இரண்டு பேருக்குக் கோயில் வரிசையில் நிற்க விருப்பமில்லை. பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்கு வரும் கோரிக்கைகளில் இது கொஞ்சம் விசித்திரமானது என்றாலும், யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் ஒயின் பயணம் என்று ஒன்று நடந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். நண்பர்கள் கும்பலாகப் போய்வந்த கதைகள் நிறையக் கிடைக்கின்றன. மாமனாரையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அவை உதவாது. அதனால்தான் இந்த ஒரு நாளை விரிவாக எழுதுகிறேன்.

யார், என்ன கேட்டார்கள்

பெரியவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் டிவிஷனில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிப்பதில்லை. குடிப்பவர்களோடு அவருக்குச் சண்டையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் தன் கண் முன்னால் கிளாஸைத் தூக்குவது பிடிக்காது. அவர் மனைவிக்கு ஷீரடி வேண்டுதல். பயணமே அதற்காகக் கிளம்பியதுதான். மகன், மருமகள், மருமகளின் அம்மா, மகள், மருமகன், மகனின் நண்பர் ஒருவர். ஒன்பதாவது ஆள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. கிறிஸ்துமஸுக்குப் பல வாரங்கள் முன்பே கறுப்புத் திராட்சையை வாங்கிப் பரணியில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஒயின் வைப்பவர். பெரம்பூரில் ரயில்வே குடும்பங்களோடு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். இந்தக் குடும்பத்துக்கு ஒயின் என்றாலே ஆன்ட்டி வீட்டு ஒயின்தான். நாசிக் ஆசையும் அங்கிருந்துதான் முளைத்தது.

பெரியவரிடம் பேசியபோது முதல் வார்த்தையே இதுதான்: "இன்னா தம்பி, கோயிலுக்குப் போயிட்டு நேரா அங்கயா?" கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வரிசை அவருக்கு உறுத்தியது தெரிந்தது.

மகள் தனியாகப் போன் செய்தார். "அண்ணா, நானும் டேஸ்ட் பண்ணணும். ஆனா நைனா எதிர்ல வேணாம். அவர்கிட்ட இத பேசவும் வேணாம்."

என்னைப் பொறுத்தவரை இந்த நாளின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பேச்சில் இருந்தது. தூரம், நேரம், வண்டி எல்லாம் அப்புறம். யார் யாருக்கு முன்னால் குடிக்க மாட்டார்கள் என்பதை வைத்துத்தான் வரைபடத்தையே போட வேண்டியிருந்தது. குடிக்காத நாலு பேரும் ஓரமாக உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், மேசையில் இருக்கும் ஐந்து பேருக்கும் ஒரு வாய் இறங்காது. அதனால் குடிக்காதவர்களின் நாளை முதலில் முழுதாகப் போட்டுவிட்டு, மிச்சமான இடத்தில் ஒயினைப் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

மருமகன் போட்டிருந்த திட்டம்

மருமகன் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஐந்து ஒயின் ஆலைகள், வாடகைக் கார், தானே ஓட்டுவது. இகத்புரிப் பக்கம் இரண்டு, கங்காபூர் சாலையில் இரண்டு, திண்டோரியில் ஒன்று. காணொளிகளைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். தரையில் அப்படி இல்லை. திண்டோரி நாசிக்குக்கு வடக்கே. இகத்புரி தென்மேற்கே, மும்பை போகும் வழியில், மலைத்தொடரின் ஓரத்தில். கங்காபூர் சாலை மேற்கே. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தால் பகல் முழுக்க வண்டியில்தான் கழியும்.

தானே ஓட்டுவது என்பதை முதல் பேச்சிலேயே எடுத்துவிட்டேன். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். டேஸ்ட்டிங்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஊற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊற்று சுமார் 30 மில்லி என்று வைத்தால், ஐந்து வகை ருசித்தால் 150 மில்லி. இரண்டு ஆலை என்றால் 300. ஒரு பாட்டில் 750 மில்லிதான். ஆளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு பாட்டில், அதுவும் 12, 13 சதவீத ஆல்கஹாலோடு. ஐந்து ஆலை என்றால் ஒரு முழு பாட்டில். மருமகன் இந்தக் கணக்கைக் கேட்டபிறகு ஐந்து ஆலை பேச்சை எடுக்கவில்லை.

வேறு ஊர் பார்க்கலாமா என்றும் பேசினோம். பெங்களூருவை ஒட்டி நந்தி மலை அடிவாரத்தில் ஒயின் ஆலை உண்டு, சென்னைக்கு அதுதான் பக்கம். ஆனால் ஷீரடி அந்தத் திசையில் இல்லை. நம்மிடமே கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டத்துக்குள் நடக்கலாம், பழம் வாங்கலாம், மேற்கே மலை முழுதாகத் தெரியும். ஆனால் நாசிக்கில் இருப்பதுபோல வரிசையாக டேஸ்ட்டிங் கூடங்கள் அங்கே இல்லை. அதனால் நாசிக்கே.

ஆற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவது

நாசிக்கின் நில அமைப்பு நமக்குப் பெரிய உதவி. கோதாவரி பிறப்பது திரியம்பகத்துக்கு மேலே இருக்கும் பிரம்மகிரியில். அரபிக் கடலிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு அந்தப் பக்கம் திரும்பாமல் கிழக்கே 1,465 கிலோமீட்டர் ஓடி நம் வங்கக் கடலில் வந்து சேர்கிறது. பிறந்த இடத்துக்குக் கொஞ்ச தூரம் கீழே கங்காபூரில் ஒரு மண் அணை. அந்த நீர்த்தேக்கத்தை ஒட்டிய சரிவுகளில்தான் சுலா, யார்க் போன்ற ஆலைகளின் தோட்டங்கள் இருக்கின்றன. அணையைத் தாண்டி நகரத்துக்கு வரும் வழியில் சோமேஸ்வர் கோயிலும் ஒரு சின்ன அருவியும். அப்புறம் நகரத்தின் நடுவில் பஞ்சவடி, ராம்குண்ட் படித்துறை. திரியம்பகத்திலிருந்து நாசிக் நகரம் 30 கிலோமீட்டருக்குள்தான். ஆற்றின் முதல் இடம் தொடங்கிப் படித்துறை வரைக்கும் ஒரே நாளில், ஒரே திசையில் இறங்கி வந்துவிடலாம்.

இப்படி அமைத்ததில் பெரியவரின் உறுத்தலுக்கும் வழி கிடைத்தது. அதிகாலை கோயில். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. அதன் பிறகு இரண்டாகப் பிரிவது. குடிக்காத நாலு பேரும் வண்டியோடு சோமேஸ்வர், பஞ்சவடி போகிறார்கள். ஐந்து பேர் தோட்டத்திலேயே தங்குகிறார்கள். குடித்துவிட்டுப் படித்துறைக்குப் போகிற பேச்சே கிடையாது. இரவு லாட்ஜில் சந்திப்பு. "பிரித்து வைக்கிறோம்" என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆன்ட்டிக்கு அதிகம் நடக்க முடியாது, துணைக்கு மகள் இருக்கட்டும் என்று திட்டத்தில் எழுதினேன். பெரியவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்குப் புரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் பிப்ரவரி, ஏன் புதன்கிழமை

ஒயின் நாடு என்றால் நமக்குத் தோன்றுவது ஐரோப்பாவின் செப்டம்பர் அறுவடை. நாசிக்கில் அது தலைகீழ். குளிர்நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே அந்தத் தூக்கம் கிடையாது, விட்டால் கொடி வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடியை வெட்டிவிடுகிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று. அதில் வளர்வது அடுத்த பருவத்துக்கான தண்டு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. அதில்தான் காய் பிடிக்கும். மழைக்காலத்தில் பழம் இருந்தால் பூஞ்சணம் தின்றுவிடும் என்பதால் பழுக்கிற காலத்தைக் குளிர்மாதங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். பகலில் வெயில், இரவில் குளிர். பழத்தில் சர்க்கரையும் ஏறும், புளிப்பும் தங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. நாசிக் வட்டாரத்தில் சாப்பிடும் திராட்சைதான் பெரிய பயிர். ஒயினுக்கான ரகங்கள் அதற்குப் பக்கத்தில் பிறகு வந்து உட்கார்ந்தவை. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா தன் முதல் ஒயினை 2000இல் வெளியிட்டது. 2005இல் டேஸ்ட்டிங் கூடம் திறந்தது. இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கு சுற்றுலா இடமாகியிருப்பதற்கு அந்தக் கூடம் ஒரு முக்கியக் காரணம். அதே சாலையில் இருக்கும் யார்க் ஆலையை 2021இல் சுலாவே வாங்கிவிட்டது.

கிழமைதான் அதைவிடப் பெரிய கணக்கு. திங்கள் சிவனுக்கு உரிய நாள், திரியம்பகத்தில் கால் வைக்க முடியாது. அமாவாசையும் அப்படியே, தோஷ பரிகாரங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். வியாழன் ஷீரடியில் நெரிசல். சனி, ஞாயிறு மும்பையும் புனேயும் கிளம்பி ஒயின் ஆலைகளுக்கு வந்துவிடும், வெள்ளி மாலையே அந்தக் கூட்டம் தொடங்கும். மகாசிவராத்திரி பெரும்பாலும் பிப்ரவரியில்தான் விழுகிறது, அந்த வாரத்தையே தவிர்க்க வேண்டும். ஜனவரி 26 மகாராஷ்டிராவில் டிரை டே, மது விற்கக் கூடாத நாள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படியே. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் செவ்வாயும் புதனும்தான் மிஞ்சுகின்றன. செவ்வாய் ஷீரடி, புதன் நாசிக் என்று வைத்தோம். சென்னையிலிருந்து ஷீரடிக்கு நேரடி ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். அதை நம்பினால் கிழமை நம் கையில் இருக்காது. அதனால் மும்பை வழியாகப் போக முடிவானது.

சென்னைக்காரர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம்: நாசிக் நமக்கு மேற்கே வெகுதூரம். பிப்ரவரியில் அங்கே விடிவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. இருட்டுவதும் கிட்டத்தட்ட இருபது நிமிடம் தள்ளிப்போகும். காலையில் கிளம்பும்போது கும்மிருட்டு, குளிர் வேறு. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர், மஃப்ளர் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு மாலையில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது.

மேசைக்கு முன்னால் சொன்னவை

டேஸ்ட்டிங்குக்குப் போகிறவர்களிடம் மூன்று விஷயங்களைத்தான் வற்புறுத்தினேன்.

முதலாவது காரம். நாசிக்கில் மிசல் பாவ் (காரமான பயறுக் குழம்பும் பாவ் ரொட்டியும்) பிரபலம், விறகடுப்பில் வைத்த மிசலுக்கென்றே ஆட்கள் போகிறார்கள். ஆனால் அதை டேஸ்ட்டிங்குக்கு முன்னால் சாப்பிட்டால் நாக்கு செத்துவிடும். மிளகாய்க் காரம் இருக்கும் வாயில் ஆல்கஹால் இன்னும் எரியும், சிவப்பு ஒயினின் துவர்ப்பு இன்னும் கடுக்கும். காசிமேட்டு மீன் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது, ஆனால் உண்மை. மிசல் மறுநாள் காலைக்குப் போனது. மதியம் பருப்பு, சாதம், ரொட்டி, பனீர் என்று காரம் குறைந்த சாப்பாடு. வெறும் வயிற்றில் டேஸ்ட்டிங் செய்யக் கூடாது என்பதும் இதிலேயே தீர்ந்தது. கோயிலுக்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வாசனை. ஒயினில் பாதி ருசி மூக்கில்தான். கோயிலில் வாங்கிய மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் மல்லிகைதான் மணக்கும். மகளிடம் பூவை அம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னேன். ஆன்ட்டியிடம் ஓடிகோலோனை அன்றைக்கு மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மூன்றாவது துப்புவது. மேசையில் அதற்கென்று ஒரு குவளை இருக்கும். வாயில் வைத்து, சுழற்றி, துப்பிவிடலாம், தொழில்முறை ருசிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "காசு குடுத்துட்டுத் துப்பணுமாண்ணா?" என்றார் மருமகன். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மகாராஷ்டிராவில் ஒயினுக்கு 21 வயது. ஒன்பது பேரும் அதைத் தாண்டியவர்கள் என்பதால் அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும் என்றேன்.

அந்தப் புதன்கிழமை

வண்டி அரை மணி நேரம் தாமதமாக வந்தது. பெரிய டெம்போ டிராவலர், உள்ளூர் டிரைவர். இருட்டில் கிளம்பியதால் போகும்போது அஞ்சனேரி மலை தெரியவில்லை, திரும்பும்போது எல்லோரும் பார்த்தார்கள். அனுமன் பிறந்த இடம் என்று அங்கே நம்பிக்கை.

திரியம்பகேஸ்வரர் கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. ஆன்ட்டியை வெளியே தனியாக விட முடியாது என்று முன்பே யோசித்து, வரிசையில் நிற்க விருப்பமில்லாத பெரியவரையும் அவரோடு சேர்த்திருந்தேன். இரண்டு பேரும் குசாவர்த்தத் தீர்த்தத்தைப் பார்த்துவிட்டு, எதிரே பிரம்மகிரி வெளிச்சத்துக்கு வருவதைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். உள்ளே போன ஏழு பேரும் வெளியே வர நினைத்ததைவிட ஒரு மணி நேரம் அதிகமானது. மதியத்துக்கு முன்னால் ஒரு மணி நேரத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். கோயிலோடு சேர்ந்த எந்த நாளிலும் அப்படி விட்டே ஆக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்தது. டிரைவரின் தாமதம் மட்டும் மிச்சமாக நின்றது.

திரும்பும்போது நகரத்தின் நடுவுக்குப் போகாமல் மேற்கு ஓரத்திலேயே கங்காபூர் பக்கம் திரும்பினார்கள். நீர்த்தேக்கம் தெரிய ஆரம்பித்ததும் வண்டியில் பேச்சு நின்றதாக மகன் சொன்னார். பிப்ரவரியில் சுற்றியிருக்கும் குன்றுகள் காய்ந்து பழுப்பாக இருக்கும், நடுவில் நீலமாகத் தண்ணீர், சரிவில் வரிசை வரிசையாகப் பச்சை. பச்சைப்பசேல் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அந்தப் பழுப்பு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அந்த மூன்று நிறமும்தான் பிடிக்கும்.

சாப்பாடு முடிந்ததும் ஆலையைச் சுற்றிக் காட்டும் நடைக்கு ஒன்பது பேரும் போனார்கள். இது திட்டத்தில் நான் பிடிவாதமாக வைத்த ஒன்று. குடிக்காதவர்களுக்கும் ஒயின் ஆலையில் பார்க்க நிறைய இருக்கிறது. அன்றைக்கு அதிகம் கேள்வி கேட்டவர் பெரியவர்தான். ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள். அவர் முதலில் போய்த் தொட்டுப் பார்த்தது வெல்டிங் கோட்டை. தொட்டிக்கு ஏன் இரட்டைச் சுவர் என்று கேட்டார். சாறு நொதிக்கும்போது சூடேறும். வெள்ளை ஒயினை 12 முதல் 16 டிகிரிக்குள் வைத்திருக்காவிட்டால் பழ வாசனை ஓடிவிடும். அதனால் இரண்டு சுவருக்கும் நடுவில் குளிர்ந்த திரவம் ஓடுகிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்து, இன்னும் கொஞ்சம் சூடாக நொதிக்க விடுகிறார்கள், நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன என்பதால். அறுவடைக் காலம் என்பதால் காம்பைப் பிரித்துப் பழத்தை நசுக்கும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்த சம்பந்தி அம்மாவுக்கு ஆச்சரியம்: இவ்வளவு சின்னது, இவ்வளவு தடித்த தோல், உள்ளே கொட்டை வேறு. நாம் மூலக்கொத்தளம் பக்கம் வண்டியில் வாங்கும் திராட்சைக்கும் இதற்கும் ஒட்டுறவே இல்லை.

சுமார் இரண்டரை மணிக்குப் பிரிந்தார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. பெரியவர் மகளிடம், "ஆன்ட்டியப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மேசையில் நடந்ததை மகள் பிறகு சொன்னார். முதலில் நுரைக்கும் ஒயின், அப்புறம் வெள்ளை இரண்டு, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு. லேசானதிலிருந்து கனமானதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு என்பதுதான் வழக்கமான வரிசை. இனிப்பை முதலில் குடித்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் மகளுக்குப் பிடித்தது, பச்சைக் குடமிளகாய் வாசனை அடிக்கிறது என்றார். அந்த ரகத்தில் அது உண்மையிலேயே இருக்கும் வாசனைதான், யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிடித்துவிட்டார். மகனும் நண்பரும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பக்கம் போனார்கள்.

ஆன்ட்டிக்குத்தான் ஏமாற்றம். ஒவ்வொரு கிளாஸுக்கும் "ஸ்வீட்டே இல்லையேம்மா" என்றிருக்கிறார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. எல்லாச் சர்க்கரையையும் தின்று முடித்தால் இனிப்பு மிஞ்சாது. ஆன்ட்டியின் பரணியில் பழச்சாறோடு கை நிறையச் சர்க்கரையும் விழுவதால் ஈஸ்ட் களைத்த பிறகும் இனிப்பு நிற்கிறது. கடைசியாக வந்த லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க்தான் அவர் முகத்தைத் தெளிய வைத்தது. கொடியிலேயே கூடுதல் நாள் விட்டு, சர்க்கரை ஏறிய பிறகு பறித்த பழம். அதில் இரண்டு பாட்டில் வாங்க வேண்டும் என்றார். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதில் கெடுபிடி இருக்கிறது, குடும்பத்தோடு போகும்போது அந்தத் தலைவலி வேண்டாம் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம். அதனால் பாட்டில் இல்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு நாசிக் உலர்திராட்சையைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்தார்.

இரண்டாவது ஆலை எதிர்பார்த்த அளவு அமையவில்லை. முன்பதிவு செய்திருந்த டாக்சி சரியாக வந்தது, ஆனால் போய்ச் சேர்ந்தபோது நாக்கும் மூக்கும் களைத்துவிட்டன. முழு டேஸ்ட்டிங் எடுக்காமல் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக்கொண்டு, நீர்த்தேக்கத்தைப் பார்க்கிற மேடையில் வெளிச்சம் போகும் வரை உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல முடிவு.

மற்ற நாலு பேர்

இந்த நாளில் நன்றாக நடந்த பாதி இதுதான் என்பது என் கருத்து. சோமேஸ்வரில் அருவி பிப்ரவரியில் நூல்போலத்தான் விழுகிறது, அங்கே அதிக நேரம் இல்லை. பஞ்சவடியில் அம்மாவும் சம்பந்தியும் மருமகளும் சீதா குகை, ராம்குண்ட் என்று போனார்கள். பெரியவர் கேட்டது காளாராம் கோயில். உள்ளே கும்பிடப் போகவில்லை அவர். அவர் வீட்டுக் கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே விட வேண்டும் என்று 1930 மார்ச் 2ஆம் தேதி அம்பேத்கர் தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கிய கோயில் அது. ஆண்டுக்கணக்கில் நீண்டும் கதவு திறக்கவில்லை. 1935இல் இதே நாசிக் மாவட்டத்தின் எவலாவில்தான் தான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தார். பெரியவர் அந்த வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்ததும் எனக்கு அனுப்பிய ஒரே படமும் அதுதான். முதல் பட்டியலில் இந்த இடமே இல்லை. அவருக்கு ஒயின் வேண்டாம் என்று தெரியும், என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

மாலை ஆரத்தி முடிந்து நாலு பேரும் லாட்ஜுக்கு வந்தபோது ஐந்து பேரும் குளித்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செலவும் மாற்றங்களும்

வண்டிச் செலவை ஒன்பதாகப் பிரித்தோம், டேஸ்ட்டிங் கட்டணத்தை ஐந்து பேர் மட்டும் ஏற்றார்கள். மதியச் சாப்பாடு மகன் செலவு. இதை முன்பே எழுதி வைப்பது நல்லது. குடிக்காதவர்கள் தலையில் டேஸ்ட்டிங் பணத்தைச் சேர்த்தால் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்து இதே மாதிரிக் குழுவுக்குப் போட்டால் இரண்டாவது ஆலையை டேஸ்ட்டிங் என்று எழுதவே மாட்டேன். ஒரு ஆலை, அப்புறம் தண்ணீரைப் பார்த்து உட்கார ஓர் இடம், அவ்வளவுதான். எல்லோரும் குடிக்கிற நண்பர்கள் குழு என்றால் கணக்கு மாறும்: திரியம்பகத்தை விட்டுவிட்டுக் காலையில் திண்டோரி, மதியத்துக்கு மேல் கங்காபூர் சாலை என்று வைக்கலாம். இகத்புரிப் பக்கத்து ஆலைகளை மும்பையிலிருந்து வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ செருகுவதுதான் சரி.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போக முடியுமா என்று கேட்கிறார்கள். போகலாம். குன்றெல்லாம் பச்சையாக இருக்கும், சோமேஸ்வர் அருவி உண்மையிலேயே அருவியாக விழும், காசரா மலைப்பாதையில் மேகம் இறங்கி நிற்கும். ஆனால் கொடியில் பழம் இருக்காது, நசுக்கும் இயந்திரமும் ஓடாது. 2015க்குப் பிறகு அடுத்த கும்பமேளா நாசிக்கிலும் திரியம்பகத்திலும் 2027இல். முக்கிய நீராடல்கள் மழைக்காலத்தில்தான் விழும். அந்த வருஷம் ஒயினுக்காக மட்டும் போகிறவர்கள் ராம்குண்டையும் திரியம்பகத்தையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அறையை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள், நகரத்துக்குள் வேண்டாம், கங்காபூர் சாலைப் பக்கமாகவே.